ஒன்றரை மடங்கின் விலை

மனிதரின் 21-ஆம் குரோமோசோம் 4.67 கோடி கார இணைகள் நீளமுள்ளது. மொத்த மரபணுத்தொகுதியில் அது சுமார் 1.5 சதவீதம். புரதம் ஆக்கும் மரபணுக்கள் அதில் 230 அளவில் உள்ளன. எக்ஸ் குரோமோசோமின் நீளம் 15.6 கோடி கார இணைகள். மரபணுக்கள் சுமார் 850. அதாவது நீளத்தில் 3.3 மடங்கு, மரபணு எண்ணிக்கையில் 3.7 மடங்கு. கூடுதலாக ஒரு பிரதி சேரும்போது, பெரிய குரோமோசோம்தான் பெரிய பாதிப்பைத் தர வேண்டும். நடப்பது நேர்மாறு. 21-இன் மூன்றாம் பிரதி டவுன் சிண்ட்ரோம். 700 முதல் 800 பிறப்புகளில் ஒன்று. அக்குழந்தைகளில் 40 முதல் 50 சதவீதத்தினருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. மூன்று எக்ஸ் கொண்டவர் 1,000 பெண்களில் ஒருவர். அவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கண்டறியப்படுகிறது. மற்ற 90 சதவீதத்தினர் தமக்கு 47 குரோமோசோம்கள் இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

கணக்கு எளிது. வழக்கமாக 2 பிரதி உள்ள மரபணுவுக்கு 3 பிரதி வந்தால் அதிலிருந்து எழுதப்படும் ஆர்.என்.ஏ. 1.5 மடங்காகும், 1 பிரதி மட்டும் இருந்தால் 0.5 மடங்காகும். உயிரணு இந்தக் கூடுதல் குறைவை எவ்வளவு தூரம் ஈடுகட்டுகிறது என்பதே கேள்வி. எக்ஸ் குரோமோசோமில் பெரும்பகுதியை ஈடுகட்டுகிறது. மற்ற குரோமோசோம்களில் சிறுபகுதியை மட்டும். இரண்டிலும் ஏதோ ஒரு மீதி நிற்கிறது. கீழே வரும் எண்களில் நான் தொடர்ந்து பார்ப்பது அந்த மீதியைத்தான். நோயாக வெளிப்படுவது பெரும்பாலும் அதுவே.

ஈடு இல்லாத இடத்தின் விலையை முதலில் பார்க்கலாம். பால் சாராத 22 குரோமோசோம் இணைகளில், முழு மூன்றாம் பிரதியோடு குழந்தை உயிருடன் பிறப்பது நடைமுறையில் 3-இல் மட்டும்: 21, 18, 13. இவற்றின் மரபணு எண்ணிக்கை முறையே சுமார் 230, 270, 320. இந்த 22 இணைகளில் மிகக் குறைவான மரபணுக்கள் கொண்டவை இவை மூன்றுமே. நீளம் இதை விளக்காது. 22-ஆம் குரோமோசோம் 5.1 கோடி கார இணைகள்தான், 13-ஆவது 11.4 கோடி. ஆனால் 22-இல் 400-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் நெருக்கமாக அமைந்துள்ளன. அதன் முழு மூன்றாம் பிரதி பெற்ற கரு பெரும்பாலும் பிறப்பை எட்டுவதில்லை. எட்டும் மூன்றிலும் விலை படிப்படியாக ஏறுகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் 60 வயது வரை வாழ்கிறார்கள். 18 அல்லது 13 மூன்றாகப் பிறக்கும் குழந்தைகளில் முதல் பிறந்தநாளைக் காண்பது 10 சதவீதம் அளவே. மரபணுக்கள் 230-இலிருந்து 320-க்கு ஏறுவதற்குள் ஆயுள் பல பத்தாண்டுகளிலிருந்து வாரங்களுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. எந்த மரபணுக்கள் என்பதும் சேர்ந்தே வரும். வரிசை மட்டும் பிசகாமல் பொருந்துகிறது.

எல்லா மரபணுக்களும் அளவுக்கு ஒரே மாதிரி அசைவதில்லை. 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று 9,50,278 பேரின் டி.என்.ஏ.வில் எந்தத் துண்டுகள் விடுபட்டன, எந்தத் துண்டுகள் இரட்டித்தன என்று தொகுத்தது. பாதியாகக் குறைந்தால் தாங்காதவை 2,987 மரபணுக்கள். ஒன்றரை மடங்கானால் தாங்காதவை 1,559. ஆய்வில் சேர்ந்த பால் சாரா மரபணுக்கள் ஏறத்தாழ 18,600. ஆக, முதலாவது 16 சதவீதம், இரண்டாவது 8.4 சதவீதம். குறைவைத் தாங்காதவை கூடுதலைத் தாங்காதவற்றைவிட 1.9 மடங்கு அதிகம். ஒரு முழு குரோமோசோமை இழப்பது, ஒன்றைக் கூடுதலாகப் பெறுவதைவிட ஏன் கொடியது என்பதற்கு இந்த 1.9 ஒரு தடயம்.

இரு பக்கமும் அசைய இடமில்லாத மரபணுவுக்கு 17-ஆம் குரோமோசோமிலுள்ள பி.எம்.பி. 22 எடுத்துக்காட்டு. நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறைக்கான புரதத்தை ஆக்குவது அது. அது இருக்கும் சுமார் 14 லட்சம் கார இணைகள் நீளமுள்ள துண்டு இரட்டித்து, மரபணு 3 பிரதியானால் கைகால் தசைகள் மெலியும் சார்க்கோ-மரி-டூத் நோயின் 1-ஏ வகை வருகிறது. 1991-இல் இது கண்டறியப்பட்டது. அதே துண்டு விடுபட்டு 1 பிரதியானால், சிறு அழுத்தத்துக்கே நரம்பு மரத்துப்போகும் வேறொரு பரம்பரை நோய்; இது 1993-இல். புரதத்தில் எழுத்துப்பிழை ஏதும் இல்லை. 1, 2, 3 என்ற எண்ணிக்கை மட்டும்தான் மாறுகிறது. 2 மட்டுமே நலம்.

பிரதிகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் விளைபொருள்களுக்கு இடையிலான விகிதம் முக்கியம் என்பதை ஹீமோகுளோபின் காட்டுகிறது. ஆல்ஃபா சங்கிலிக்கு 4 மரபணுப் பிரதிகள், பீட்டா சங்கிலிக்கு 2. முடிந்த மூலக்கூறில் இரண்டும் 2:2. சிவப்பணுவின் முன்னோடிகள் 4-க்கும் 2-க்கும் இடையிலான வேறுபாட்டைச் சரிக்கட்டி, சங்கிலிகளை ஏறக்குறைய சமமாக உற்பத்தி செய்கின்றன. பீட்டா தலசீமியாவில் இந்தச் சமன் உடைகிறது. துணையில்லாமல் மிஞ்சும் ஆல்ஃபா சங்கிலிகள் படிந்து அணுவை அழிக்கின்றன. அதே நோயாளிக்கு ஆல்ஃபா மரபணு 4-க்குப் பதில் 3 அல்லது 2 இருந்தால் நோய் தணிகிறது. 5 இருந்தால் கூடுகிறது. இன்னொரு மரபணுவை இழந்ததால் நோய் குறைவது வியப்பாகத் தோன்றலாம். மிகுதி குறைந்தது என்று பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

இப்போது எக்ஸ். பெண்ணுக்கு 2, ஆணுக்கு 1. சுமார் 850 மரபணுக்களில் ஆணுக்கு எப்போதும் பாதி. மேலே கண்ட 16 சதவீதத்தை எக்ஸுக்கும் பொருத்திப் பார்த்தால், பாதியைத் தாங்காத மரபணுக்கள் 130-க்கு மேல் இருக்க வேண்டும். இது ஒரு தோராயம்தான். ஆனாலும், எந்த ஆணும் பிழைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் அளவுக்கு அந்த எண் பெரிது. எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் சம இணை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கியவை. பழைய பொது மரபணுக்களில் மனித ஒய்யில் இன்று எஞ்சியிருப்பவை சுமார் 3 சதவீதம். 2014-இல் வைட்ஹெட் ஆய்வு நிறுவனத்தார் அந்த 3 சதவீதத்தை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பெரும்பாலானவை உடலெங்கும் மற்ற மரபணுக்களை ஆளும், அளவு குறையக் கூடாத மரபணுக்களாக இருந்தன. 97 சதவீதத்தை இழந்த குரோமோசோம், பாதியாக்க முடியாதவற்றைத் தக்கவைத்திருக்கிறது.

இழந்த 97 சதவீதத்துக்கு ஈடு வேண்டும். அந்தத் தேவையை உயிரினங்கள் ஒரே வழியில் நிறைவேற்றவில்லை. பழ ஈயில் ஆணின் ஒற்றை எக்ஸ் இரண்டின் வேலையைச் செய்கிறது: 1 × 2. உருளைப்புழுவில் இரண்டு எக்ஸ் கொண்ட இருபாலுயிர் ஒவ்வொன்றையும் பாதியாகத் தணிக்கிறது: 2 × 0.5. பாலூட்டியில் பெண் ஒன்றை முழுதாக வைத்து மற்றொன்றை மூடுகிறது: 1 + 0. மூன்று கணக்கிலும் ஆண் பெண் வேறுபாடு மறைகிறது. ஆனால் பழ ஈயில் விடை 2, மற்ற இரண்டில் 1. இந்த 1-ஐயும் 2-ஐயும் பற்றிய வழக்கைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

பழ ஈயின் கணக்குதான் முதலில் கவனிக்கப்பட்டது. ஹெர்மன் முல்லர் 1932-இல் கண்ணின் நிறத்தை வைத்து வாதிட்டார்: அரைகுறையாக வேலைசெய்யும் ஒரு நிற மரபணு ஆணில் 1, பெண்ணில் 2, கண்ணின் நிறமோ இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. நேரடி அளவீடு 33 ஆண்டுகள் கழித்து வந்தது. கல்கத்தாவின் ஏ. எஸ். முகர்ஜியும் ஜெர்மனியின் வுல்ஃப்காங் பீர்மனும் 1965-இல், உமிழ்நீர்ச் சுரப்பியின் பெருங்குரோமோசோம்களுக்கு, ஆர்.என்.ஏ.வில் சேரும் கதிரியக்க யூரிடின் கொடுத்து, புதிதாக எழுதப்படும் ஆர்.என்.ஏ.வை அதன் கதிரியக்கத் தடம் கொண்டு அளந்தார்கள். ஆணின் ஒரு எக்ஸ் எழுதிய அளவு, பெண்ணின் இரண்டு எக்ஸ்களும் சேர்ந்து எழுதிய அளவுக்கு ஏறக்குறைய சமம். இந்தத் துறையின் அடிப்படை எண்களில் ஒன்றில் கல்கத்தா ஆய்வாளர் ஒருவரின் பங்கு இருப்பதை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். இரட்டிப்பைச் செய்யும் கருவியில் 5 புரதங்களும் 2 ஆர்.என்.ஏ.க்களும் உள்ளன என்று பின்னர் தெரிந்தது. அவற்றில் ஒரு புரதம் பழுதானாலும் ஆண் ஈ இறக்கும், பெண் ஈ பிழைக்கும்.

பாலூட்டியின் ‘1 + 0’ கணக்கு 12 ஆண்டுகளில் கூடிவந்தது. கனடாவின் மரி பார், யுவர்ட் பெர்ட்ராம் இருவரும் 1949-இல் பெண் பூனையின் நரம்பணுக்களில் ஒரு கரும்புள்ளியைக் கண்டார்கள்; ஆண் பூனையில் அது இல்லை. அந்தப் புள்ளி சுருண்ட ஒரே ஒரு எக்ஸ் என்று 1959-இல் சுசுமு ஓனோ காட்டினார். 1961-இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மேரி லயன் எலியின் உரோமத் திட்டுகளைக் கொண்டு, ஒவ்வொரு அணுவிலும் இரண்டில் ஏதேனும் ஒரு எக்ஸ் கருவிலேயே மூடப்படுகிறது என்று முன்மொழிந்தார். விதி மிகச் சிறியது: புள்ளிகளின் எண்ணிக்கை, எக்ஸ் எண்ணிக்கையிலிருந்து 1 கழித்தது. ஒரே எக்ஸ் கொண்ட பெண்ணில் 0. இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் கொண்ட ஆணில் 1. மூன்று எக்ஸ் கொண்ட பெண்ணில் 2. முதல் பத்தியில் கண்ட அந்த 90 சதவீதத்தினரைக் காப்பது இந்தக் கழித்தல்.

மூடும் வேலையைத் தொடங்குவது எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. 1991-இல் கண்டறியப்பட்டது, நீளம் சுமார் 17,000 எழுத்துகள், புரதம் எதையும் ஆக்குவதில்லை. மூடப்படவிருக்கும் எக்ஸிலிருந்தே எழுதப்பட்டு அதே எக்ஸின்மேல் படர்கிறது. எலியின் அணுக்களில் 2021-இல் எண்ணிப் பார்த்தபோது, அது தங்கும் இடங்கள் 50 அளவிலும், இடத்துக்கு 2 மூலக்கூறுகளும் இருந்தன. ஏறத்தாழ 100 மூலக்கூறுகள், சுமார் 1,000 மரபணுக்கள்: மரபணுவுக்கு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அவை கூட்டும் புரதத் திரள் சுற்றிலும் பரவி அடைக்கிறது என்பதே இப்போதைய விளக்கம்.

எல்லா உயிரினத்திலும் கணக்கு நேராகிவிடுவதில்லை. கோழியில் சேவலுக்கு இரண்டு இசட், பேட்டுக்கு ஒன்று. முழு ஈடு இருந்தால் சேவல்-பேடு விகிதம் 1. ஈடே இல்லையென்றால் 2. 2007 முதல் எடுக்கப்பட்ட அளவீடுகளில் சராசரி 1.3 முதல் 1.5 வரை நிற்கிறது. பறவைகள் அந்த இடைவெளியோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன.

முன்பு ஒத்திவைத்த வழக்கு இது. ஆணும் பெண்ணும் சமம் ஆனாலும், பாலூட்டியில் இருவருக்கும் வேலைசெய்யும் எக்ஸ் 1, மற்ற குரோமோசோம்கள் 2. எக்ஸ் மரபணுக்கள் தம் பழைய அளவுக்கு இரட்டித்திருக்க வேண்டும் என்று ஓனோ 1967-இல் எழுதினார். அது சரியென்றால் எக்ஸின் சராசரிச் செயல்பாட்டை மற்றவற்றின் சராசரியால் வகுத்தால் 1 வர வேண்டும். 2006-இல் வந்த அளவீடு 1-ஐ ஒட்டியது. 2010-இல் துல்லியம் கூடிய கருவியில் 0.5 வந்தது. அடுத்த ஆண்டே வேறு குழுக்கள், அமைதியாக இருக்கும் மரபணுக்களைக் கணக்கிலிருந்து நீக்கியபோது விகிதம் மீண்டும் 1-ஐ நோக்கி ஏறியது. எக்ஸில் விந்தகத்துக்கு மட்டும் உரிய, மற்ற திசுக்களில் மௌனமான மரபணுக்கள் அதிகம் என்பது அவர்கள் வாதம். ஒரே உடல், ஒரே குரோமோசோம், இரு மடங்கு வேறுபட்ட விடை. எதை எண்ணுவது என்ற ஒரு முடிவே வேறுபாட்டின் பெரும்பகுதி. 2012-இல் வந்த பகுப்பாய்வுகள் எனக்கு அதிகம் நம்பத்தக்கவையாகப் படுகின்றன: 7 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட புரதக் கூட்டணிகளில் இடம்பெறும் எக்ஸ் மரபணுக்களில் விகிதம் 1-ஐ நெருங்குகிறது, மற்றவற்றில் இல்லை. விகிதம் கெட்டால் பாழாகும் இடத்தில் ஈடு இருக்கிறது. கெடாத இடத்தில் பாதியோடு நின்றுவிடுகிறது.

‘1 + 0’ என்பதில் 0-ம் சரியான பூஜ்யம் அல்ல. மூடப்பட்ட மனித எக்ஸில் சுமார் 15 சதவீத மரபணுக்கள் எப்போதும் மூடலுக்குத் தப்புகின்றன என்றும், இன்னும் 10 சதவீதம் ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்றும் 2005-இல் கணக்கிடப்பட்டது. 2017-இல் பல திசுக்களைச் சேர்த்து எடுத்த கணக்கில் குறைந்தது 23 சதவீதம். அவை மூடிய எக்ஸிலிருந்து எழுதும் அளவு, திறந்த எக்ஸின் அளவில் சராசரி 33 சதவீதம். 850-இல் 23 சதவீதம் 195 மரபணுக்கள். அவற்றில் பெண்ணின் அளவு 1.33, ஆணுக்கு ஒய்யில் ஈடான மரபணு இல்லையென்றால் 1. சராசரியைச் சராசரியால் பெருக்கினால் (0.23 × 0.33) எக்ஸ் முழுவதற்கும் மிகுதி 7.6 சதவீதம். தோராயம்தான் எனினும் ஒரு அளவுகோலாகப் பயன்படும்.

அந்த மிகுதியின் பெறுமதியை டர்னர் சிண்ட்ரோம் சொல்கிறது. ஒரே எக்ஸ் கொண்டு பிறப்பவர் 2,000 முதல் 2,500 பெண்களில் ஒருவர். இரண்டாம் எக்ஸ் முழுதும் மூடியதாக இருந்தால், அது இல்லாததால் எந்த வேறுபாடும் இருக்கக் கூடாது. ஆனால் அவ்வாறு கருவானவற்றில் சுமார் 99 சதவீதம் பிறக்கும் முன்பே அழிகின்றன. பிறந்தவர்களின் உயரம் சிகிச்சையின்றி மற்றப் பெண்களின் சராசரியைவிட சுமார் 20 செ.மீ. குறைவு; எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் இருந்து எப்போதும் 2 பிரதியாக வேலைசெய்ய வேண்டிய ஷாக்ஸ் என்ற ஒரு மரபணு 1 ஆவதே இதற்கு முதன்மைக் காரணம். எலியை எடுத்தால் சமன்பாடு மாறுகிறது: 2010-இல் சோதித்த 393 எக்ஸ் மரபணுக்களில் தப்பியவை 13, அதாவது 3.3 சதவீதம். ஒரே எக்ஸ் கொண்ட பெண் எலி கருத்தரிக்கிறது. தோற்றத்தில் பெரிதாக வேறுபடுவதுமில்லை. 3.3-க்கும் 23-க்கும் இடையிலான தொலைவு, ஒரு எலியின் இயல்பு வாழ்வுக்கும் 99 சதவீதக் கருவிழப்புக்கும் இடையிலான தொலைவோடு ஒத்துப்போகிறது. காரணம் அது ஒன்றே என்று இரண்டு இனங்களை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

தப்பிய மரபணுக்கள் பெண்ணுக்கு நோயையும் தருகின்றன, காப்பையும் தருகின்றன. லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களில் 10-க்கு 9 பேர் பெண்கள். இது ஹார்மோனாலா, குரோமோசோமாலா? 2008-இல் லூபஸ் உள்ள 213 ஆண்களின் குரோமோசோம்களை எண்ணியபோது 5 பேருக்குக் கூடுதல் எக்ஸ் இருந்தது: 2.3 சதவீதம். பொதுவாக ஆண்களில் அது 500 முதல் 1,000 பேருக்கு ஒருவர். ஆய்வாளர்கள் கணக்கிட்ட அபாயம் சுமார் 14 மடங்கு, அதாவது பெண்களின் அபாயத்துக்கு நிகர். காப்பின் பக்கம் 2017-இல் வந்த எண்: ஆண்களின் புற்றுக்கட்டிகளில் கூடுதலாகப் பழுதாகியிருந்த மரபணுக்கள் எக்ஸில் 783-க்கு 6, மற்ற குரோமோசோம்களில் 18,055-க்கு 0. பெண்ணில் மூடலுக்குத் தப்பிய இரண்டாம் பிரதி பழுதை ஈடுகட்டுகிறது; ஆணில் இருப்பதே ஒன்று.

ஆர்.என்.ஏ. கட்டத்தில் ஈடுகட்டாதவற்றில் ஒரு பகுதியை உயிரணு புரதக் கட்டத்தில் கழித்துவிடுகிறது. ஈஸ்ட் அணுக்களுக்கு ஒரு குரோமோசோமை இரட்டித்துக் கொடுத்த 2007 ஆய்வில் ஆர்.என்.ஏ. நேராக 2 மடங்கு ஏறியது. 2014-இல் அதே வகை அணுக்களின் புரதங்களை அளந்தபோது சுமார் 20 சதவீதப் புரதங்கள் எதிர்பார்த்த அளவைவிடத் தாழ்ந்திருந்தன; பெரும்பாலும் கூட்டணி உறுப்புகள், துணை கிடைக்காமல் சிதைக்கப்பட்டவை. இயற்கையிலேயே கூடுதல் குரோமோசோமோடு வாழும் ஈஸ்ட் வகைகளில் 2024-இல் கிடைத்த சராசரித் தணிப்பு 25 சதவீதம். ஆனால் உற்பத்தி செய்து உடைப்பதற்கும் ஆற்றல் செலவாகும்.

பெண்ணின் எக்ஸ் பயன்படுத்தும் கருவியை 21-க்கு இடம் மாற்ற முடியுமா? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜீன் லாரன்ஸ் குழு 2013-இல் அதைச் செய்துகாட்டியது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் திசுவிலிருந்து உண்டாக்கிய குருத்தணுக்களில், மூன்று 21-களில் ஒன்றினுள் எக்ஸிஸ்ட் மரபணுவைச் செருகினார்கள். அந்த 21 மூடிக்கொண்டது. 3-இலிருந்து 2-க்கு இறங்கினால் செயல்பாடு 33 சதவீதம் குறைய வேண்டும். உண்மையிலேயே 2 பிரதி மட்டும் உள்ள அணுக்களோடு ஒப்பிட்டபோது குறைவு சுமார் 22 சதவீதம்; எக்ஸிஸ்ட் தந்த குறைவு 15 முதல் 20 சதவீதம். கருவி ஏறக்குறைய முழு வேலையையும் செய்திருக்கிறது. 33-க்குப் பதில் 22 வந்ததில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: மூன்று பிரதியின் செயல்பாடு 1.5 மடங்கல்ல, 1.28 மடங்கு. மிகுதியில் ஏறக்குறைய பாதியை அந்த அணுக்கள் தாமாகவே சுமந்து சரிக்கட்டியிருந்தன.

இது தட்டில் வளர்த்த அணுக்களில் கிடைத்த எண். குழந்தையின் மூளைக்கும் இதயத்துக்கும் அதைக் கொண்டுசேர்ப்பது வேறு கணக்கு. மரபணுச் சிகிச்சையில் இன்று பரவலாகப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸ் சுமக்கும் கொள்ளளவு சுமார் 4,700 எழுத்துகள். எக்ஸிஸ்ட் சுமார் 17,000, அதாவது 3.6 மடங்கு. எக்ஸிஸ்ட்டின் எந்தெந்தத் துண்டுகள் இருந்தால் போதும், அந்த 17,000-ஐ எவ்வளவு குறைக்கலாம் என்பதில் ஆய்வுக்கூடங்கள் இப்போது உழைத்துக்கொண்டிருக்கின்றன.